ஒரே டிக்கெட்டில் ஊர் வந்து சேர

சியாங் மாயில் அறை வாடகை எவ்வளவு, பாலியில் எந்தக் கஃபேயில் நெட் வேகமாக இருக்கும், லிஸ்பனில் எந்த மாதம் குளிர் குறைவு என்றெல்லாம் டிஜிட்டல் நாடோடிகள் நுணுக்கமாகக் கணக்குப் போடுகிறார்கள். ஊருக்கு வந்து போகிற செலவை மட்டும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பார்க்கும்போதும் தேடுதளத்தில் முதலில் வருகிற தொகையில் கண் நின்றுவிடுகிறது. அந்தத் தொகை பல நேரங்களில் ஒரு டிக்கெட்டின் விலை அல்ல. இரண்டு மூன்று தனித்தனி டிக்கெட்டுகளைக் கோத்துப் போட்ட கூட்டுத்தொகை. இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, தஞ்சாவூரிலோ தேனியிலோ வயதான பெற்றோரை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருந்து வேலை செய்கிற ஒருவருக்கு இந்த மலிவுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது என்பது என் கருத்து. ஊருக்கு வரும் பயணத்தை ஒரே பி.என்.ஆரில் வாங்க வேண்டும். அதற்குக் காசு போதவில்லை என்றால் பயணத் தேதியை மாற்றலாம், தங்கும் ஊரையே மாற்றலாம். டிக்கெட்டைத் துண்டு போடக் கூடாது.

லிஸ்பனை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சென்னைக்குச் சுமார் 9,000 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. தேனிக்குப் போகிறவர் மலிவான வழி தேடினால், ஐரோப்பாவுக்குள் ஒரு பட்ஜெட் விமானம், அங்கிருந்து மும்பைக்கு இன்னொரு நிறுவனம், மும்பையிலிருந்து மதுரைக்கு உள்நாட்டு விமானம் என்று மூன்று டிக்கெட்டுகள் வந்து விழும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன்னுடைய துண்டு மட்டும்தான் தெரியும். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அந்த இரண்டாவது டிக்கெட் போக வர எடுத்ததாக இருந்தால் இன்னும் மோசம். போகும் பகுதியில் ஏறாவிட்டால் திரும்பும் பகுதியையும் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்த்து ரத்து செய்துவிடும். பெட்டி விஷயமும் உண்டு. சர்வதேச டிக்கெட்டில் 23 கிலோ, 30 கிலோ என்று அனுமதி வாங்கியிருப்பீர்கள். தனியாக எடுத்த உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் சர்வதேச அளவே மதுரை வரை செல்லும். துண்டு டிக்கெட்டில் மும்பை கவுன்டரில் மிச்ச எடைக்குக் கிலோ கணக்கில் பணம் கட்ட வேண்டும். தேடுதளம் காட்டிய தொகையில் இது வராது.

தாமதத்துக்கு யார் பொறுப்பு என்பதில் சட்டமும் ஒரே டிக்கெட்காரர் பக்கம்தான் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் பயணிக்கு உரிமை உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பயணத்தில் கடைசி ஊருக்கு மிகத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 600 யூரோ வரை இழப்பீடு. ஒரே முன்பதிவில் வாங்கிய இணைப்பு விமானங்களை ஒரே பயணமாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போன பயணியின் வழக்கு அது. தாமதம் ஏற்பட்டது ஐரோப்பாவுக்கு வெளியே என்ற வாதம் எடுபடவில்லை. ஆகவே லிஸ்பனிலிருந்து வளைகுடா வழியாகச் சென்னைக்கு ஒரே டிக்கெட் வாங்கியவர், இணைப்பு விமானத்தை வளைகுடாவில் தவறவிட்டாலும் சென்னைக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து இழப்பீடு கேட்கலாம். புயல், போர் போன்ற விதிவிலக்குகள் உண்டு. மாற்று விமானம் ஏற்பாடு செய்யும் கடமை அப்போதும் நிறுவனத்துக்கு உண்டு. துண்டு டிக்கெட்காரருக்கு அந்த முதல் துண்டின் ஒன்றரை மணி நேரத் தாமதம் மட்டும்தான் கணக்கு. அதற்கு ஒரு யூரோகூடக் கிடைக்காது. சென்னையிலிருந்து திரும்பும்போது, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நிறுவனத்தில் ஏறினால் இந்த விதி பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்திய விதிகள் தரும் இழப்பீடு இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பணத்தை விடப் பெரிய சிக்கல் பாஸ்போர்ட். துண்டு டிக்கெட்டில் பெட்டி போட்டவர் இடைநிலையத்தில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். குடிவரவைத் தாண்ட அந்த நாட்டின் விசா வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மலிவுப் பயண யோசனைகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட்காரர்கள் எழுதியது. அவர்களுக்கு இந்த விசா நிபந்தனை முக்கியமில்லை; நமக்கு அதுதான் முழுப் பயணமும். சீனாவில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கிப் போகலாம் என்பதை அவர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் இடைத்தங்கல் விசா கேட்கும் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. குறிப்பிட்ட சில நாடுகளின் விசாவோ வதிவிட அட்டையோ இருந்தால்தான் விலக்கு. விசா இல்லை என்றால் இடைநிலையத்தில் போய் மாட்டிக்கொள்வதுகூட இல்லை, புறப்படும் ஊரிலேயே கவுன்டர் ஊழியர் போர்டிங் பாஸ் கொடுக்க மாட்டார். டிக்கெட் பணம் போனது போனதுதான். வரி, விமான நிலையக் கட்டணங்களையாவது திருப்பிக் கேட்க வேண்டும். ‘நான் ரீஃபண்டபிள்’ டிக்கெட்டானாலும் இந்தியாவில் அதற்கு விதி இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை.

இந்த விசா சிக்கலுக்கு ஒரு நல்ல விதிவிலக்கு கோலாலம்பூர். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் வருகை அட்டையைப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். ஆகவே பாலியிலிருந்தோ வியட்நாமிலிருந்தோ துண்டு டிக்கெட்டில்தான் வருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் கோலாலம்பூரில் துண்டு போடுவதே ஓரளவு பாதுகாப்பு. ஒன்று மட்டும் கவனம்: அங்கே முதல் முனையமும் இரண்டாம் முனையமும் வேறு வேறு கட்டடங்கள், நடுவில் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். குடிவரவு வரிசை, பெட்டி, ரயில், மறுபடி செக்-இன் என்று பார்த்தால் இரண்டு மணி நேர இடைவெளி போதாது. ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்கி மறுநாள் ஏறுவதே சரி. அந்த அறை வாடகையையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பு தவறுவது எப்போதாவது நடப்பது, பத்து முறை மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு முறை நஷ்டப்படலாமே என்று சிலர் சொல்வார்கள். அண்மை ஆண்டுகளின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 2024 நவம்பரில் இந்தோனேசியாவின் லெவோடோபி எரிமலை கக்கிய சாம்பலால் பாலி விமானங்கள் நாள்கணக்கில் ரத்தாயின. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதால் ஐரோப்பா, அமெரிக்கப் பயணங்கள் நீண்டன. அதே ஆண்டு ஜூன் 23 மாலை கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. அந்தச் சில மணி நேரத்தில் தோஹா வழியே போக வேண்டிய எத்தனையோ இணைப்புகள் குலைந்தன. டிசம்பரில் இந்தியாவுக்குள்ளேயே, விமானிகளின் ஓய்வு நேர விதிகளை ஒட்டி எழுந்த சிக்கலில் ஆயிரக்கணக்கான உள்நாட்டு விமானங்கள் ரத்தாயின. ஒவ்வொரு சம்பவத்திலும் ஒரே டிக்கெட்காரரை எப்படியாவது ஊர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்திடம் இருந்தது. துண்டு டிக்கெட்காரர் அடுத்த துண்டை அன்றைய விலையில் புதிதாக வாங்க வேண்டியிருந்திருக்கும். எல்லோரும் சிக்கிக்கொண்ட நாளில் அந்த விலை என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஃப்ரீலான்சருக்கு இரண்டு நாள் வேலையும் சேர்ந்து போகும். பத்து முறை மிச்சம் என்ற சராசரிக் கணக்கு கையில் நிறையப் பணம் உள்ளவர்களுக்கான கணக்கு. ரிவார்டு புள்ளிகளைச் சேர்த்துப் பறக்கும் வல்லவர்களுக்கு வேறு வழிகள் இருக்கலாம். எல்லோருக்கும் அது கைகூடாது.

பணத்தை உண்மையில் மிச்சம் பிடிப்பது தேதி. அலுவலகத்தில் லீவு கேட்க வேண்டாத நாடோடிக்குக் கையில் இருக்கும் ஒரே செல்வமும் அதுதான். டிசம்பர் நடுவில் சென்னைக்கு வருவதும், பொங்கல் முடிந்த கையோடு சென்னையிலிருந்து கிளம்புவதும் கூட்டத்தோடு கூட்டமாகப் போவது. அதே சீட் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆடியில் வீட்டில் கல்யாணம் இல்லை, அதனால் டிக்கெட்டும் மலிவாக இருக்கும் என்று நினைப்பது தவறு. ஐரோப்பாவில் அது பள்ளி விடுமுறைக் காலம். ஆவணியும் தையும் முகூர்த்த மாதங்கள் என்பது மூன்று மாதம் முன்பே தெரிந்த விஷயம்தானே? பத்திரிகை அடித்து வந்த பிறகு டிக்கெட் தேடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

ஆனால் தேதி பார்த்து வாங்கிய எந்த டிக்கெட்டும் உதவாத ஒரு பயணம் இருக்கிறது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று அக்காவிடமிருந்து ராத்திரி வரும் போன். எனக்கு இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கவலை. எந்த ஊரில் தங்குவது என்று முடிவெடுக்கும்போது வாடகைக்கும் நெட்டுக்கும் கொடுக்கும் இடத்தை, ‘இங்கிருந்து நாளை ராத்திரிக்குள் வீட்டுக்குப் போக முடியுமா?’ என்ற கேள்விக்குக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம், பாங்காக்கிலிருந்து மூன்றரை, கோலாலம்பூரிலிருந்து நாலு. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நேரே திருச்சிக்கு வரலாம். காலையில் செய்தி வந்தால் சாயங்காலம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியும். லிஸ்பனிலிருந்து அது நடக்காது. கொலம்பியாவின் மெடயினிலிருந்து இரண்டு நாள் ஆகும். பெற்றோர் எழுபது தாண்டியவர்கள், அவர்களில் ஒருவருக்காவது இதயமோ சிறுநீரகமோ தொல்லை கொடுக்கிறது என்றால், தொலைதூர ஊர்களை ஒன்றிரண்டு மாதத்துக்கு வைத்துக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதியை நேரடி விமானம் உள்ள ஊரில் கழிப்பதே நியாயம். மலேசியா 2022இல் தொடங்கிய டிஜிட்டல் நாடோடி அனுமதியும், தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த ஐந்தாண்டு விசாவும் அதற்கு வழி செய்கின்றன. இரண்டாவதற்கு வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும்.

இந்த அவசரப் பயணத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். எவ்வளவு என்று தெரிந்துகொள்வது சுலபம். இருக்கும் ஊரிலிருந்து நாளைய தேதி போட்டு, ஒரே டிக்கெட்டில் ஒருவழிக் கட்டணம் எவ்வளவு என்று இன்றே பார்க்கலாம். டிசம்பருக்கு நெருக்கத்தில் இன்னொரு முறை பார்த்து, இரண்டில் கூடிய தொகையைத் தொடாத கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அந்தத் தொகை சேராதவரை அந்த ஊருக்குக் குடிபோகாமல் இருப்பதே மேல். கிரெடிட் கார்டு இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. புது நாட்டில் நடுராத்திரியில் பெரிய தொகை போட்டால் வங்கி பரிவர்த்தனையை நிறுத்திவிடலாம், ஓ.டி.பி. வர வேண்டிய இந்திய சிம் அணைந்து கிடக்கலாம்.

காகிதங்களும் அப்படியே. தாய்லாந்தில் தங்கும் காலத்தை நீட்டித்தவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் வெளியேறினால் நீட்டிப்பு அத்தோடு ரத்து. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். பாங்காக் விமான நிலையத்திலும் வாங்கலாம், ஆனால் அந்த ராத்திரியில் அதற்கு வரிசையில் நிற்கும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். நீட்டிக்கும் அன்றே வாங்கிவிட வேண்டும். விசா நீட்டிப்புக்கு ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் விட்டுவைப்பதும் வழக்கமாக இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பு, அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் திருப்பித் தருவார், சனி ஞாயிறு ஆள் இருப்பாரா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.