வீட்டு வரியில் 'நூலக வரி': அந்தப் பத்து காசு எங்கே போகிறது?

அரையாண்டு சொத்து வரியை மொபைலிலேயே கட்டிவிடுகிறோம். 'பேமென்ட் சக்சஸ்' என்று வந்ததும் அடுத்த வேலை. ரசீதைத் திறந்து வரி வரியாகப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் சொத்து வரிக்குப் பக்கத்தில் 'நூலக வரி' என்று ஒரு தொகை கண்ணில் படும்.

"நான் லைப்ரரி பக்கமே போனதில்லையே, எனக்கெதுக்கு இது?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலில் ஒரு கணக்கு வாத்தியாரும், மாநிலம் முழுக்க இருக்கும் நூலகங்களும், உங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவரின் அடுத்த புத்தகமும் இருக்கின்றன.

நூலக வரின்னா என்ன?

தமிழ்நாட்டில் சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. உதாரணத்துக்கு, சொத்து வரி ரூ.3,000 என்றால் நூலக வரி ரூ.300. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என எல்லா உள்ளாட்சிகளும் இதை வசூலிக்கின்றன.

"நான் வாடகை வீட்டில்தானே இருக்கேன்" என்று தப்பிக்க முடியாது. வீட்டுக்காரர் கட்டும் வரி எப்படியும் வாடகைக்குள் வந்துவிடும். ஆக, இந்த ஊரில் குடியிருக்கும் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் நூலகத்துக்குக் காசு கொடுத்தவர்கள்தான்.

இதை யார் கொண்டுவந்தது?

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக பிரிட்டன் சென்றபோது, உள்ளாட்சி வரிப் பணத்தில் நடக்கும் பொது நூலகங்களைப் பார்த்தார். பணக்காரரின் நன்கொடையை நம்பியிருக்கும் நூலகம் அவர் காலத்துக்குப் பிறகு மூடப்படலாம். ஊரே வரி கட்டி நடத்தும் நூலகம் நிலைக்கும். இந்த எண்ணத்தோடு ஊர் திரும்பியவர், சென்னை நூலகச் சங்கம் மூலம் நூலகச் சட்டம் வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன நடமாடும் நூலகம் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான்.

கல்வி அமைச்சராக தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இதுதான் முதல் முறை. நூலக வரிக்கான அதிகாரம் இந்தச் சட்டத்திலிருந்தே வருகிறது.

காசு எந்த வழியாகப் போகுது?

வரியை வசூலிப்பது உள்ளாட்சி. ஆனால் அந்தப் பணம் உள்ளாட்சிக்குச் சொந்தமில்லை. வசூலித்ததை அந்தந்த மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். புத்தகம், பத்திரிகை, கட்டடம், ஊழியர் செலவு என்று நூலகங்களை நடத்துவது அந்த நிதிதான்.

சிக்கல் இந்த இடத்தில்தான். மக்களிடம் வாங்கிய நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் பாக்கி வைப்பது பல ஆண்டுகளாகத் தொடரும் புகார். சாலை, குப்பை, குடிநீர் என்று உள்ளாட்சிக்கு ஆயிரம் அவசரம். நூலகத்துக்கான பணம் கடைசியாகத்தான் நகரும். வீட்டுக்காரர் கட்டிவிட்டார், ரசீதும் வந்துவிட்டது. ஆனாலும் தெருமுனை நூலகத்தில் ஃபேன் ஓடவில்லை என்றால், காசு நடுவழியில் நிற்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெரிய நூலகங்கள் பளபளன்னு இருக்கே, அப்புறம் என்ன குறை?

உண்மைதான். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் தமிழ்நாட்டுக்கே பெருமை. எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்துக்கு, 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் ஒரு பிரதி வந்து சேர வேண்டும். இந்தியாவில் இந்த அந்தஸ்து உள்ள பொது நூலகங்கள் நான்குதான்.

ஆனால் மாநிலத்தில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள். பல இடங்களில் ஒரே ஆள்தான்: புத்தகம் எடுத்துக் கொடுப்பது, பதிவேடு எழுதுவது, கதவைப் பூட்டுவது எல்லாமே அவர்தான். டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒற்றை அறைதான் ஸ்டடி ஹால். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு வேறு இடம் கிடையாது.

2011-ல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் அறிவிப்பு வந்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது, தடை வந்தது, நூலகம் நூலகமாகவே நின்றது. பெரிய நூலகத்துக்கு ஆபத்து என்றால் செய்தியாகிவிடும். ஓட்டுக் கட்டடத்தில் ஒழுகும் கிளை நூலகத்துக்கு அப்படிக் குரல் கொடுக்க அந்தத் தெருக்காரர்களை விட்டால் ஆள் இல்லை.

உள்ளூர் எழுத்தாளருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பதிப்புலகில் 'லைப்ரரி ஆர்டர்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பொது நூலகத் துறை பதிப்பகங்களிடமிருந்து மொத்தமாகப் புத்தகம் வாங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். புத்தகத்தின் அட்டை விலையைப் பார்க்காமல், 'பாரம்' கணக்கில் (பொதுவாக ஒரு பாரம் என்றால் 16 பக்கம்) விலை போட்டு வாங்குவது நெடுநாள் வழக்கம்.

பிரபலமான பெயர் என்றால் புத்தகக் காட்சியிலேயே விற்றுவிடும். தன் ஊர் வரலாற்றையோ, தன் சமூகத்தின் பேச்சு வழக்கையோ, முதல் கவிதைத் தொகுப்பையோ கொண்டுவருபவருக்கு அந்த வசதி இல்லை. இன்று அப்படிப்பட்ட நூல்கள் பல சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. லைப்ரரி ஆர்டர் கிடைத்தால் பதிப்பாளருக்கு அச்சுச் செலவு திரும்பும். அடுத்த புது எழுத்தாளரைப் போடத் துணிச்சல் வரும். ஆர்டர் தாமதமானால், அல்லது வராமலே போனால், முதலில் நிற்பது அந்தப் புது எழுத்தாளரின் புத்தகம்தான்.

எந்த நூல் தேர்வாகிறது, ஏன் தேர்வாகிறது என்பதில் பாரபட்சப் புகார்களும் நெடுநாளாக உண்டு. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பிறகு, 2024-ல் இணையவழி விண்ணப்பத்துடன் கூடிய புதிய கொள்முதல் முறையை அரசு கொண்டுவந்தது. முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆண்டுதோறும் தடையில்லாமல் வாங்க நிதி வேண்டும். அந்த நிதியில் உங்கள் பத்து காசும் இருக்கிறது.

மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா, பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரில் இலக்கியத் திருவிழாக்கள் என அரசு சார்பில் நடப்பவை நல்ல முயற்சிகள். ஆனால் திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும். மீதி நாட்களுக்குத் தெருமுனை நூலகம்தான்.

வேலைக்குப் போறவங்க என்ன செய்யலாம்?

* உறுப்பினராகுங்கள். கிளை நூலகத்தில் முன்பணமும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்தாலும் ஒரு மாத ஓடிடி சந்தாவைவிடக் குறைவு. பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். போகும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
* புத்தகம் கேளுங்கள். தேடிய நூல் இல்லையென்றால் "இல்லையா, சரி" என்று திரும்பாமல் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊர் எழுத்தாளரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.
* வாசகர் வட்டத்தில் சேருங்கள். நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. பல ஊர்களில் அது பெயரளவில் இருக்கிறது. நாலு இளைஞர்கள் சேர்ந்தால் மாதம் ஒரு நூல் அறிமுகக் கூட்டம் நடத்திவிடலாம். மேடை கிடைக்காத உள்ளூர் எழுத்தாளர்கள் ஆசையோடு வருவார்கள்.
* நேரம் இருந்தால் கை கொடுங்கள். வீட்டைவிட்டு வர முடியாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் இணைகிறார்கள். ரூ.1,000 கொடுத்து நூலகப் புரவலராகவும் ஆகலாம்.
* கணக்குக் கேளுங்கள். உங்கள் உள்ளாட்சி போன ஆண்டு எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு ஒப்படைத்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போதும்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கும். பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். சடங்கு மாதிரி தெரியும். ஆனால் பகுதிநேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாகவோ, அதைக் கிளை நூலகமாகவோ தரம் உயர்த்தக் கேட்கும்போது உறுப்பினர் எண்ணிக்கையும் வாசகர் வருகையும்தான் பேசும். "யாருமே வர்றதில்லை" என்று சொல்லி ஒரு நூலகத்தைக் கைவிடுவது சுலபம். அப்படிச் சொல்ல முடியாதபடி செய்ய அந்த நோட்டில் ஒரு கையெழுத்து வேண்டும். காசைத்தான் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களே.