களமும் காசும் – 11: பெரிய ஊர், கடைசி இடம்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை ஏறினால், செம்மேட்டில் அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கிறான். ஆடி 17, 18 தேதிகளில் அவனுக்கு அரசு விழா, வில்வித்தைப் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் அவன் செத்த கதையை விழா மேடையில் யாரும் நீட்டி முழக்குவதில்லை. ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்று பிடித்த கொல்லியைக் காரி தனக்கென வைத்துக்கொள்ளவில்லை, சேரனிடம் கொடுத்துவிட்டான். மூவேந்தரும் இந்தக் காரியைத் தம் பக்கம் இழுக்கப் பொருள் அனுப்பியிருக்கிறார்கள் என்று புறநானூற்றிலிருந்து தெரிகிறது. இன்றைய விளையாட்டுப் பக்கங்கள் இப்படிப்பட்டவரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று எழுதும்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் காரிகள் போகிற திசை பெரும்பாலும் ஒன்றுதான். 1996இல் ஷகீல் ஓ’நீல் ஆர்லாண்டோவை விட்டு லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குப் போனார். 2018இல் லெப்ரான் ஜேம்ஸும் கிளீவ்லாந்தை விட்டு அங்கேயே போனார். அணிகளின் சம்பளச் செலவுக்கு 1984-85 சீசனிலேயே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். ஆனால் ஹாலிவுட்டுக்கும் விளம்பர ஒப்பந்தங்களுக்கும் டிசம்பர் மாத வெயிலுக்கும் யார் வரம்பு போடுவது?

இத்தனை இருந்தும் லேக்கர்ஸின் பரம எதிரியான பாஸ்டன் செல்டிக்ஸ்தான் 18 கோப்பைகளுடன் ஒரு படி மேலே நிற்கிறது. லேக்கர்ஸிடம் 17. இரண்டும் இறுதிச்சுற்றில் மோதிய 12 முறையில் பாஸ்டன் வென்றது 9. பாஸ்டனும் சின்ன ஊரல்ல. என்றாலும் நட்சத்திரங்கள் தாமாகத் தேடி ஓடும் ஊரும் அல்ல. 1978 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், லேரி பேர்டை ஆறாவதாக எடுத்தபோது அவருக்குக் கல்லூரியில் இன்னும் ஓராண்டு பாக்கி இருந்தது. மற்ற அணிகளுக்கு அந்த ஓராண்டு நீளமாகத் தெரிந்தது. பாஸ்டன் காத்திருந்தது, 1981, 1984, 1986 என்று அவரை வைத்து மூன்று கோப்பைகளை வென்றது.

நம் ஊருக்கு வருவோம். புரோ கபடியில் ஏலம்தான் எல்லாம். வீரர் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லா அணிக்கும் ஒரே அளவு பணப்பை, 10ஆவது சீசனில் அது ஐந்து கோடி. அப்படியானால் பெரிய ஊருக்கு மிஞ்சுகிற லாபம் என்ன? தமிழ் தலைவாஸைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2017இல் அணி பிறந்தபோது உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன். அஜய் தாக்கூரை 69 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். முதல் சீசனில் தங்கள் பிரிவில் கடைசி. அடுத்த சீசனிலும் கடைசி. 2019இல் 94 லட்சத்துக்கு ராகுல் சௌத்ரி வந்தார். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல் என்று போஸ்டர் நிறையப் பெரிய முகங்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்!

பாட்னா பைரேட்ஸ் வேறு மாதிரி. பெங்களூர் புல்ஸில் சரியாக வாய்ப்புக் கிடைக்காமல் இருந்த பர்தீப் நர்வால் என்ற இளைஞனை எடுத்துக் களத்தில் விட்டது. 2016இல் நடந்த இரண்டு சீசன்கள், 2017இல் ஒன்று என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள். 2017 சீசனில் மட்டும் பர்தீப் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். இதில் நமக்கு வலிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மூன்றில் இரண்டாவது கோப்பையைக் கேப்டனாகத் தூக்கியவர் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன்.

தலைவாஸ் அணியாக ஆடிய ஒரு வருடமும் உண்டு. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று, சீசன் முழுக்க அவர் இல்லை. பணப்பையின் பெரும்பங்கு வெளியே உட்கார்ந்துவிட்டது. நரேந்தர் என்ற, யாரும் கேள்விப்படாத பையன் ரெய்டுக்குப் போய் 243 புள்ளிகளோடு சீசனை முடித்தான். நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன் குமார் இளசுகளை நம்பினார். அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று தோற்றாலும், தலைவாஸ் அதுவரை தொடாத உயரம் அது. நட்சத்திரம் இல்லாதபோதுதான் அணி இருந்தது என்றால் ரசிகர்களுக்குக் கோபம் வரும். ஆனால் பாடத்தை நிர்வாகமே மறந்துவிட்டது. 2024 ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, அந்த ஏலத்தின் உச்ச விலை. ப்ளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

காசு கொடுத்து ஆள் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயியை 2.35 கோடிக்கு வாங்கிய புனேரி 10ஆவது சீசனில் கோப்பை வென்றது. அடுத்த சீசனில் அவரை 2.07 கோடிக்கு வாங்கிய ஹரியானா ஸ்டீலர்ஸும் வென்றது. கபடியின் காரி அவர்தான். அதே 10ஆவது சீசனில் பவனுக்கு 2.605 கோடி கொட்டிய தெலுகு டைட்டன்ஸ் கடைசி இடத்தில் முடிந்தது. காரணம் எளிது. அஸ்லாம் இனாம்தார், மோஹித் கோயத் போன்ற பையன்களைப் புனேரி ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தது. கொல்லிமலையில் சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடிபோல, மூன்று வருடமாவது சும்மா பார்த்துக்கொண்டிருந்தால்தான் இதெல்லாம் காய்க்கும்.

பெரிய ஊரின் உண்மையான லாபம், தோற்றாலும் கூட்டம் வரும் என்பது. அதுவேதான் நோய். நியூயார்க் நிக்ஸ் 1973க்குப் பிறகு அரை நூற்றாண்டு கோப்பையில்லாமல் ஓடியது, அரங்கம் மட்டும் காலியாகவில்லை. சின்ன ஊருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. 2019இல் லாஸ் ஏஞ்சலிஸின் இன்னொரு அணியான கிளிப்பர்ஸ், பால் ஜார்ஜைப் பெறுவதற்காக ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞனையும் ஐந்து முதல்சுற்றுத் தேர்வு உரிமைகளையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. அந்த உரிமைகளில் ஒன்றில்தான் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். 2025இல் ஓக்லஹோமா சிட்டி சாம்பியன், ஷாய் அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர். இறுதியில் அவர்களோடு ஏழு ஆட்டம் மல்லுக்கட்டிய இண்டியானாவும் சின்னச் சந்தைதான்.

புரோ கபடியில் ஏலத்துக்கு வெளியேயும் புதிய இளம் வீரர்களை அணிகள் ஒப்பந்தம் செய்ய வழி இருக்கிறது. தலைவாஸ் நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஏலத்தில் இரண்டு கோடிக்குக் கை தூக்கும் முன், ராசிபுரத்திலும் செம்மேட்டிலும் ஊருக்கு ஒரு நாள் தேர்வு முகாம் போடுங்கள். செலவு ஒரு போஸ்டருக்கு ஆவதைவிட அதிகம் ஆகாது. எடுத்த பையனை மூன்று சீசன் வைத்திருங்கள்.