எட்டாத உயரத்தில் எஞ்சின் பழுது

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், தறியிலே ஒரு பட்டிழை அறுந்தால் நெய்பவர் தம் கையாலேயே முடிந்துவிடுகின்றார். ஆளில்லாத விண்கலத்திலே பழுது நேர்ந்தால் எட்டித் தொட எவருமில்லை. வானொலி அலையில் அனுப்பும் கட்டளை ஒன்றே கருவி.

2013 மார்ச் 1 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பொருள்களை ஏற்றிச் சென்ற அமெரிக்காவின் டிராகன் கலத்தில், நான்கு உந்துவிசைத் தொகுதிகளுள் மூன்று இயங்க மறுத்தன. தொட்டிகளுக்கு அழுத்தம் செல்லும் வழியில் அடைப்பு. பொறியாளர்கள் வால்வுக்கு முன்னே அழுத்தத்தை ஏற்றித் திடீரென விடுவித்தனர். அடைபட்ட குழாயை நாம் ஓங்கித் தட்டுவோமே, அதுதான்! அடைப்பு விலகிற்று. ஒருநாள் தாமதமாக, மார்ச் 3 அன்று கலம் நிலையத்தை அடைந்தது.

அதே ஆண்டு நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யானுக்கும் இத்தகைய சோதனை வந்தது. அதன் திட்ட இயக்குநர் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். நவம்பர் 11 அன்று சுற்றுப்பாதையை உயர்த்துகையில், எரிபொருள் வால்வின் முதன்மை மின்சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒருசேர இயக்கிப் பார்த்தனர். பெரிய எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருள் நின்றுபோயிற்று. சிறு உந்திகள் தாமாகவே பணியை ஏற்றன. எனினும் விநாடிக்கு 130 மீட்டர் கூடவேண்டிய வேகம் 35 மீட்டரே கூடிற்று. ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்டவேண்டிய கலம் 78,276 கிலோமீட்டரிலேயே நின்றது. தனித்தனியே நன்றாக இயங்கும் இரண்டு, சேர்ந்தால் முரண்டு பிடிக்கும் என்பதைக் கண்டுகொண்டவர்கள், மறுநாள் விடியற்காலையிலேயே எஞ்சினை மீண்டும் இயக்கி 1,18,642 கிலோமீட்டருக்கு உயர்த்தினர்.

உண்மையான கவலை பின்னர்தான். டிசம்பர் 1 அன்று பூமியை விட்டகன்றபின் அப்பெரிய எஞ்சின் ஏறத்தாழ 300 நாள்கள் உறங்கிக் கிடந்தது. எரிபொருளில் ஊறிய வால்வு மீண்டும் திறக்குமா? இவ்வையத்தை முன்னரே எண்ணி மற்றொரு குழாய்வழியையும் அமைத்திருந்தனர். 2014 செப்டம்பர் 22 அன்று நான்கே விநாடிகள் எஞ்சினை இயக்கிப் பார்த்தனர். செய்தி பூமிக்கு வர ஏறத்தாழ 12 நிமிடங்கள். அந்த 12 நிமிடக் காத்திருப்பை எண்ணிப் பாருங்கள்! எஞ்சின் விழித்திருந்தது. விழிக்காதிருந்தால் எட்டுச் சிறு உந்திகளைக் கொண்டே சமாளிக்க மாற்றுத் திட்டமும் ஆயத்தமாயிருந்தது.

செப்டம்பர் 24 அன்று எஞ்சின் சுமார் 23 நிமிடங்கள் எரிந்து, கலத்தைச் செவ்வாயின் பிடிக்குள் சேர்த்தது. ஆறு மாத ஆயுளுக்கென அனுப்பப்பட்ட அக்கலம், 2022 ஏப்ரலில் தொடர்பு அறும்வரை செவ்வாயைச் சுற்றி வந்தது.