காளை எங்கே?

குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்விக்கும் தொட்டியை எருதுகள் தாங்கி நிற்பதுண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பெல்ஜியம் நாட்டு லீஜ் நகரில், புனித பர்த்தலோமேயு ஆலயத்தில், அத்தகைய தொட்டி ஒன்று உள்ளது. 1107-க்கும் 1118-க்கும் இடையே செப்புக் கலவையால் வார்க்கப்பட்டது. சாலமோன் அரசன் எழுப்பிய கோயிலில் பெரிய வெண்கல நீர்த்தொட்டியைப் பன்னிரண்டு எருதுகள் தாங்கின என்கிறது விவிலியம். அதனை நினைவூட்டவே இதற்கும் பன்னிரண்டு எருதுகள் அமைத்தனர். இன்று எஞ்சியிருப்பவை பத்தே!

அயல்நாட்டுச் செய்திதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைக் காணுங்கள். முதலாம் இராசராசன் காலத்தில், 1011-இல், உருவான செப்புத் திருமேனி அது. காளையின் மேல் கையூன்றிச் சாய்ந்து நிற்கும் கோலம். ஆனால் காளையைக் காணோம். கை மட்டும் வெற்றிடத்தில் ஊன்றியிருக்கிறது.

போனால் என்ன, மறுபடி வார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். இயலாது. ஏன் என்பதை விஞ்ஞானம் சொல்லும். இத்தொட்டியும் இத்திருமேனியும் மெழுகு வார்ப்பில் பிறந்தவை. முதலில் மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் களிமண் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியதும் மண்ணை உடைத்தெடுப்பர். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. எஞ்சுவது ஒரே ஓர் உருவம். சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர்.

அந்த ஓர் உருவத்துக்கும் ஆபத்து உண்டு. செம்பு 1085 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயமோ துத்தநாகமோ கலந்தால் அதற்கும் குறைந்த வெப்பமே போதும். எனவே கலை வடிவம் எதுவானாலும் உருக்குபவன் கண்ணுக்கு அது வெறும் உலோகம்தான்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. ஸ்ரீராம்புரத்தில் வீடு மாறியபோது, ஊரிலிருந்து பாட்டி கொண்டுவந்த அன்ன விளக்கைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டோம். தூக்கிச் சென்றவன் நானே. அன்று என் கையில் பட்டது எடை மட்டும்தான். அன்னத்தின் கழுத்து எப்படி வளைந்திருந்தது என்று இன்று பாட்டி கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிழைக்க வந்த ஊரில் நம்மில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு விளக்கோ செம்போ மூலையில் கிடக்கும். விற்க நேர்ந்தால் விற்போம். வறுமை நம் குற்றமன்று. ஆனால் அதற்குமுன் ஒரு படம் எடுத்து, உயரத்தை அளந்து, எந்த ஊரில் யார் வாங்கியது என்று பெரியவர்களைக் கேட்டுக் குறித்து வைப்போம். காளை போனாலும் அதன் சுவடேனும் எஞ்சட்டும்!