ட்ரிகரில் ஒரு சின்ன பார்ட்... 10 ஆண்டு சிறையா? அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் சொல்வது என்ன?

துப்பாக்கி இல்லை, தோட்டாவும் இல்லை. கையில் இருந்தது ஒரு ஸ்டீல் அட்டை மட்டும்தான். சாதா துப்பாக்கியை மெஷின் கன்னாக மாற்றும் ஒரு பார்ட்டின் வரைபடம் அதில் மெல்லிய கோடுகளாகச் செதுக்கப்பட்டிருந்தது. அதை விற்றவரும், யூடியூபில் விளம்பரம் செய்தவரும் 2023-ல் புளோரிடா ஃபெடரல் நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை பெற்றார்கள். இருவருக்குமே 5 ஆண்டுக்குக் குறையவில்லை.

ஒரு அட்டைக்கே இவ்வளவா? காரணம், அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி.

எது மெஷின் கன்?

1934-ல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டத்தின்படி, ‘ட்ரிகரின் ஒரே இயக்கத்தில்’ ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடும் ஆயுதம்தான் மெஷின் கன். அப்படி மாற்றுவதற்காகவே செய்த பார்ட் தனியாக இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அதுவும் மெஷின் கன்தான். துப்பாக்கியில் மாட்டியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

1986 மே 19-க்குப் பிறகு தயாரித்த மெஷின் கன்னைப் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. மீறினால் 10 ஆண்டு வரை சிறை, 2.5 லட்சம் டாலர் வரை அபராதம்.

நேற்று லீகல், இன்று குற்றம்

2017 அக்டோபர் 1, லாஸ் வேகாஸ். ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து, இசை நிகழ்ச்சிக்கு வந்திருந்த கூட்டத்தை நோக்கி ஒருவர் சுட்டார். பின்னாளில் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் பலி. அவர் பயன்படுத்தியது ‘பம்ப் ஸ்டாக்’. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் விசையை வைத்தே ட்ரிகரைத் திரும்பத் திரும்ப விரலில் மோத வைக்கும் கருவி அது.

‘இது மெஷின் கன் இல்லை’ என்று 2010-லேயே சொல்லியிருந்தது ஏ.டி.எஃப். என்ற ஃபெடரல் அமைப்பு. 2018 டிசம்பரில் அதே அமைப்பு ‘இது மெஷின் கன்’ என்று மாற்றிச் சொன்னது. 2019 மார்ச் 26-க்குள் அழித்துவிட வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். பணம் திரும்பக் கிடைக்காது. முறைப்படி பில் போட்டு வாங்கியவர்களும் ஒரே நாளில் குற்றவாளி ஆகும் நிலை!

டெக்சாஸைச் சேர்ந்த துப்பாக்கிக் கடைக்காரர் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டையும் ஒப்படைத்துவிட்டு, வழக்கு போட்டார். 2024 ஜூன் 14-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர் தனித்தனியாக இயங்குகிறது, அதனால் இது மெஷின் கன் இல்லை என்பதே பெரும்பான்மையின் வாதம்.

எஃப்.ஆர்.டி. குழப்பம்

அடுத்து வந்தது ‘ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிகர்’. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் ட்ரிகரைப் பழைய இடத்துக்குத் தானே தள்ளிவிடும் வகை. இதுவும் மெஷின் கன்தான் என்று 2021-ல் ஏ.டி.எஃப். சொன்னது, வாங்கியவர்களிடமிருந்தும் பறிமுதல் நடந்தது. 2023-ல் நியூயார்க் ஃபெடரல் நீதிபதி விற்பனைக்குத் தடை போட்டார். 2024-ல் டெக்சாஸ் ஃபெடரல் நீதிபதி அதற்கு நேர் எதிராகத் தீர்ப்பளித்தார். கடைசியில் 2025 மே மாதம் நீதித்துறை அமைச்சகம் தயாரிப்பு நிறுவனத்துடன் சமரசம் செய்துகொண்டது. பறிமுதல் செய்ததைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. கைத்துப்பாக்கிக்கு இதைத் தயாரிக்க மாட்டோம் என நிறுவனமும் உறுதி கொடுத்தது.

அப்போ இப்ப எல்லாமே லீகலா?

இல்லை. மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, மாநிலச் சட்டம். கார்கில் தீர்ப்பு ஃபெடரல் விதியைத்தான் ரத்து செய்தது. கலிஃபோர்னியா, நியூயார்க், புளோரிடா போன்ற மாநிலங்களுக்குத் தனித் தடை உண்டு. ஒரு மாநிலத்தில் வாங்கியதை காரில் போட்டு எல்லை தாண்டினாலே சிக்கல்தான்.

இரண்டாவது, ‘க்ளாக் ஸ்விட்ச்’. நாணயம் அளவே இருக்கும் இந்தப் பார்ட்டுக்கு எந்தத் தீர்ப்பும் பாதுகாப்பு தரவில்லை. ஆன்லைனில் வாங்கினாலும், வீட்டில் 3டி பிரின்ட் எடுத்தாலும் குற்றம்தான். போதைப்பொருள் கடத்தலிலோ வன்முறைக் குற்றத்திலோ மெஷின் கன் சேர்ந்தால், குறைந்தபட்சத் தண்டனையே 30 ஆண்டு.

மூன்றாவது, சமரசம் சட்டம் ஆகாது. ஒரே கருவி பற்றி அரசின் நிலைப்பாடு ஆட்சி மாறும்போது எப்படித் தலைகீழாகும் என்பதை மேலே பார்த்தோம்.

தெரியாதுன்னு சொன்னா தப்பிக்கலாமா?

ஓரளவுக்குத்தான். துப்பாக்கி தானாகத் தொடர்ந்து சுடும் தன்மை கொண்டது என்பது வைத்திருந்தவருக்குத் தெரியும் என அரசு நிரூபிக்க வேண்டும் என்று 1994-ல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ‘அப்படிச் சுடும்னு தெரியும், அது சட்டவிரோதம்னுதான் தெரியாது’ என்ற பதில் எடுபடாது.

ஹெச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கீங்களா?

அப்படியென்றால் ட்ரிகர் வரைக்கும் போகவே வேண்டாம். தற்காலிக விசாவில் இருப்பவர் சாதா துப்பாக்கியையோ ஒரே ஒரு தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை. சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை. ஸ்டூடன்ட் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டதால் சட்டபூர்வ அந்தஸ்தை இழந்த ரெஹைஃப் என்பவர், ஷூட்டிங் ரேஞ்சில் சுட்டதற்காகவே வழக்கில் சிக்கினார். தன் அந்தஸ்து போனது அவருக்குத் தெரியும் என அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லும் வரை அந்த வழக்கு இழுத்தது.

கிரீன் கார்டு இருப்பவர் துப்பாக்கி வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், நாடு கடத்தப்படும் ஆபத்து அவருக்கும் உண்டு.

ஆகவே வீக்எண்டில் நண்பர் ‘ரேஞ்சுக்குப் போலாம், புது ட்ரிகர் மாட்டியிருக்கேன்’ என்று கூப்பிட்டால், முதலில் பார்க்க வேண்டியது உங்கள் விசா, அடுத்து நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டம், அப்புறம் இன்றைய ஃபெடரல் நிலவரம். ‘100% லீகல்’ என்று போட்டு விற்ற வெப்சைட் உங்களோடு கோர்ட்டுக்கு வராது.