கொட்டகையில் நிற்கும் கார் கோடி பெறுமா?

2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், 1955-இல் செய்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இப்படியொரு செய்தி காதில் விழுந்தால், ராயகிரியிலோ சிவகிரியிலோ தாத்தா ஓட்டிய அம்பாசடரைக் கொட்டகையில் போட்டு வைத்திருக்கும் வீட்டில் ஆசை எழத்தான் செய்யும். அந்த ஆசைதான் புரோக்கருக்கும் முதல்.

அந்த மெர்சிடிஸ் உலகத்திலேயே இரண்டுதான் இருந்தது. செய்த நாள் முதல் விற்ற நாள் வரை அதன் கதை முழுக்க ஆவணத்தில் இருந்தது. அம்பாசடரோ 2014 வரை ஓயாமல் உற்பத்தியான வண்டி. சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டு இன்று அதைவிட அரிது. ஆனாலும் பழசு என்பதற்காக மட்டும் எந்த வண்டிக்கும் விலை ஏறுவதில்லை. சொந்த இன்ஜின் இருக்கிறதா, சேஸிஸ் எண் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா, யார் கையில் இருந்தது என்பதற்குச் சான்று உண்டா என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். தாளில்லாத வண்டிக்குக் கடைசியில் இரும்பு விலைதான்.

விற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சாவியையும் ஆர்.சி. புக்கையும் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி விபத்து ஏற்படுத்தினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. முதலில் விற்றவர் தலையில்தான் பொறுப்பு விழுந்தது. ஆகவே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். வாங்குபவர் புளியரை தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டுபோவதானால் தடையின்மைச் சான்றும் வேண்டும். தாத்தா இறந்துவிட்டாரா? முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் ஒருவர் மட்டும் விற்றால் வழக்கு வீட்டுக்குள்ளேயே முளைக்கும்.

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். காசோலை வாங்கி அது திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்ற வழக்குப் போடலாம். கெடுவைத் தவறவிடுவதால் தோற்பவர்கள் பலர்.

வாங்குபவர்கள் பக்கம் வேறு ஆபத்து. "விண்டேஜ் பதிவு வாங்கிக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம், போட்ட பணம் ரெண்டு வருஷத்துல வந்துடும்" என்று சொல்வார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதி அதை அனுமதிக்கவில்லை. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டமும் வாடகையும் கூடாது. 1985 மாடல் அம்பாசடருக்கு இந்தப் பதிவே இன்னும் கிடைக்காது. இன்ஜினை மாற்றி டீசல் போட்ட வண்டிக்கும் கிடைப்பது கடினம்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. காரை முதலீடு என்று வாங்கினால் இரண்டு பாதுகாப்புகள் கைநழுவக்கூடும். மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சொந்த உபயோகத்துக்கு ஒரு வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். லாபத்துக்கு வாங்கியவர் உரிமையியல் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும்.

இரண்டாவது வருமான வரி. சொந்த உபயோகப் பொருளை விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. கார் அதில் அடங்கும். ஆனால் 1983-இல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு காரைப் பின்னாளில் 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், அந்தக் காரை அவர் சொந்தமாக உபயோகித்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, லாபம் வரிக்குரியதே என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025-இல் முடிவு செய்தது. பெட்ரோல் ரசீது, மெக்கானிக் பில், இன்சூரன்ஸ் தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஏலத்தில் கேட்பவர்களுக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் துணை நிற்கிறது. சுத்தியல் விழும்வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தன் ஆளை விட்டுப் பொய்யாக விலை ஏற்றினார் என்று காட்ட முடிந்தால் அந்த விற்பனையை நீங்கள் ரத்து செய்யலாம். 'இருக்கும் நிலையில்' என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் விற்பார்கள் என்பதால், ஏலத்துக்கு முன்பே மெக்கானிக்கோடு போய் வண்டியைப் பாருங்கள்.

இணைய விளம்பரத்தை நம்பி அட்வான்ஸ் அனுப்பி, எதிராளியின் போன் அணைந்துவிட்டதென்றால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் வேறு கணக்குக்குப் போகுமுன் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் 15100-க்குப் பேசுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். கணவர் விட்டுச்சென்ற காரை விற்று ஏமாந்த பெண்களிடம் அங்கே வருமானக் கணக்குக்கூடக் கேட்க மாட்டார்கள்.