கொன்றது யார்? கேட்பது யார்?

மர்மக் கதை படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வெளிப்படையாகப் படிப்பவர்கள் ஒரு வகை. கனமான இலக்கியப் புத்தகத்தின் நடுவே ஒளித்து வைத்துப் படிப்பவர்கள் மற்றொரு வகை. நான் நாற்பது வயது வரை இரண்டாவது வகையில் இருந்தேன். தலை நரைத்த பிறகுதான் முதல் வகைக்கு மாறும் தைரியம் வந்தது. சென்னைக்குப் போய்விட்டுக் கல்கத்தா திரும்பும்போதெல்லாம் சென்ட்ரல் ஸ்டேஷன் கடையில் நாலைந்து மாத நாவல்களை வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவேன். விஜயவாடா வருவதற்குள் ஒரு கொலை விழுந்துவிடும். புவனேஸ்வரம் தாண்டும்போது கொலையாளி பிடிபட்டுவிடுவான்.

இத்தனை வருஷம் படித்ததில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டாகியிருக்கின்றன. அவற்றைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் தாராளமாக மறுத்து எழுதலாம்.

ஆட்டத்தில் நியாயம் வேண்டும்

துப்பறியும் கதைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ. 1841-ல் அவர் எழுதிய சிறுகதைதான் தொடக்கம் என்பார்கள். பின்னர் கானன் டாயில் 1887-ல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தினார். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920-ல் வந்தது. முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர் அவர். அதனால்தான் அவர் கதைகளில் விஷம் அத்தனை துல்லியமாக வேலை செய்கிறது!

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகனுக்கும் கிடைக்க வேண்டும், பேய் பிசாசைக் கொண்டுவந்து முடிச்சை அவிழ்க்கக் கூடாது என்பவை அவற்றில் சில. நம் மாத நாவல்கள் சிலவற்றின் மேல் எனக்குள்ள வருத்தமே இதுதான். தொண்ணூறு பக்கம் நான் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கடைசி அத்தியாயத்தில் யாரோ ஒரு தூரத்து உறவினர் வந்து, 'நான்தான் கொன்றேன்' என்றால் கோபம் வராதா?

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. தேவனின் துப்பறியும் சாம்பு. அவருக்குத் தடயமும் தெரியாது, தர்க்கமும் தெரியாது. தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். நாக்ஸ் பாதிரியார் படித்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். நமக்கோ சாம்புவின் மூக்கைப் பார்த்தாலே போதும், நியாயம் எல்லாம் மறந்துவிடும்.

வங்காளத்து அண்ணாமார்கள்

இந்த ஊருக்கு வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெரும் சொத்து வங்காளத் துப்பறியும் கதைகள். சரதிந்து பந்தோபாத்யாயின் வியோம்கேஷ் பக்ஷி 1932-ல் பிறந்தவர். 1993-ல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜி இயக்கிய தொடராக வந்தபோது நம் வீடுகளிலும் அவரைப் பார்த்திருப்பீர்கள். 'டிடெக்டிவ்' என்ற சொல்லே வியோம்கேஷுக்குப் பிடிக்காது. தன்னை 'சத்யான்வேஷி', அதாவது உண்மையைத் தேடுபவன் என்றுதான் சொல்லிக்கொள்வார். சந்தேகத்துக்கு ஆளான ஒருவரின் தங்கையான சத்யவதியை மணந்து, குடும்பஸ்தராக இருந்துகொண்டே துப்பறிபவர் அவர்.

சத்யஜித் ராயின் ஃபெலுதா 1965-ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் தொடங்கியவர். குழந்தைகளுக்கான கதை என்பதால் ராய் தமக்கே வேலி போட்டுக்கொண்டார். அந்த வேலிக்குள்ளேயே ஜெய்சால்மரையும் காசியையும் சுற்றிக் காட்டிவிட்டார். ரத்தம் தெளிக்காமலே விறுவிறுப்பு ஏற்றலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பேய் ஏன் வருகிறது?

இனி பேய்க் கதைக்கு வருவோம். இங்கே என் அபிப்பிராயம் சற்று வேறு. பேயை அவிழ்த்துக் காட்டிவிட்டால் பாதி சுவை போய்விடும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்து முடித்தால், நடந்தது என்ன என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' ஆவிக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே நம்மை நிறுத்தி வேடிக்கை பார்க்கும். அந்தத் தத்தளிப்புதான் சுகம்.

ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. நம் ஊர்ப் பேய்களில் ஏன் இத்தனை பேர் பெண்கள்? பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பலவற்றில் அவள் கணவனால் கொல்லப்பட்டவள். பழி தீர்க்க அவளேதான் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அவள் சொல்லை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்கள் வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று அவர்களைப் போற்றுகிறோம். கொலையுண்ட நீலிக்கு நாம் கொடுத்தது என்ன? 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் மட்டும்தான். பொய் அழுகைக்கு அவள் பெயர்!

தாகூரின் 'கங்கால்' கதையிலும், பாடம் படிக்க மாட்டி வைத்திருந்த எலும்புக்கூட்டுக்கு உரிய பெண் இரவில் வந்து தன் கதையைத் தானே சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது யாரும் கேட்கவில்லையே!

யோசித்துப் பார்த்தால், துப்பறியும் கதையும் பேய்க் கதையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள். செத்தவருக்காக உயிரோடிருக்கும் ஒருவர் வந்து 'கொன்றது யார்?' என்று கேட்டால் அது துப்பறியும் கதை. கேட்க ஒருவரும் இல்லாமல், செத்தவரே எழுந்து வந்து கேட்டால் அது பேய்க் கதை. விசாரணை நடக்காத இடத்தில்தான் பேய் உலவுகிறது. பாண்டியன் சபையில் முறையாக விசாரித்திருந்தால் கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தல்ல, மாணிக்கம் என்று தடயம் காட்ட வேண்டியிருக்குமா? மதுரைதான் எரிந்திருக்குமா?

எங்கள் ஊர்க் கிணறு

தஞ்சை ஜில்லாவில் எங்கள் கிராமத்தில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். தண்ணீர் எடுக்கப் போன ஒரு மருமகள் கால் வழுக்கி விழுந்து இறந்தாளாம். அவள் நடமாடுகிறாளாம். சிறுவர்களுக்கு அவள் 'கிணத்தடி அம்மா'. அவளை வைத்து நான் எத்தனை பேய்க் கதைகளை இட்டுக்கட்டியிருக்கிறேன் தெரியுமா?

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, தொண்ணூறை நெருங்கிய என் பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில், "அந்தக் கிணத்தடி அம்மா பேரு என்ன பெரியம்மா?" என்று கேட்டேன். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பெயரைச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அவ காவேரிக்கரையில பொறந்தவடா. நல்லா நீச்சல் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அறுபது வருஷம் ஒருவரும் கேட்காததால் யாரும் சொல்லாமல் இருந்த தடயம் அது. அன்றைக்கு ஒரு வியோம்கேஷ் வேண்டாம், ஒரு சாம்பு தடுக்கி விழுந்திருந்தால்கூடப் போதும். இன்று அந்தக் கிணறும் தூர்ந்துவிட்டது, பதில் சொல்ல வேண்டியவர்களும் போய்விட்டார்கள்.

அதன்பின் நான் நாவல் படிக்கும் விதமே மாறிவிட்டது. முதல் பக்கத்தில் பிணமாகக் கிடக்கும் பெண்ணை இப்போது உடனே தாண்டிப் போக முடிவதில்லை. அட்டையில் அவளை அலங்கோலமாக வரைந்து விற்கும் புத்தகத்தை வாங்குவதும் இல்லை. அவளுக்கு ஒரு பெயர், ஒரு பழக்கம், அவளைத் தேடி அழ ஒரு ஜீவன், இவற்றை எழுதியவர் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்கிறேன். கொடுத்திருந்தால், மர்மம் சுமாராக இருந்தாலும் அந்தப் புத்தகம் என் அலமாரியில் இடம் பிடிக்கும்.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கிணறோ, ஒரு புளியமரமோ இருக்கும். அடுத்த முறை போகும்போது, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பேய் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். அவள் பெயர் என்ன என்று கேளுங்கள்.